கடிவாயை அளந்து எழுதுங்கள்: நாய்க்கடிக்கு யார் பொறுப்பு என்பது குறித்துத் தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நகராட்சி நிர்வாகம், ஊரக வளர்ச்சி, மக்கள் நல்வாழ்வு, உள்துறை, சட்டத்துறை ஆகியவற்றின் அரசுச் செயலாளர்கள், தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

நாய் கடித்தவர் இழப்பீடு கேட்டுத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கிறார். சில வாரங்கள் கழித்துப் பதில் வருகிறது: "மேற்படி பகுதியில் நாய்கள் பிடிக்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டு, மீண்டும் விடப்பட்டன. மனு முடிக்கப்பட்டது." அவர் கேட்டது நாயைப் பற்றி அல்ல. கிழிந்த கெண்டைக்கால் தசைக்கும், போன பதினைந்து நாள் கூலிக்கும், குழந்தையின் கன்னத்தில் நிலைத்துவிட்ட தழும்புக்கும் யார் பொறுப்பு என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த அலுவலகமும் எழுத்தில் பதில் சொல்வதில்லை. இந்த மனுக்களை எழுதிக் கொடுப்பவர்களும் வழக்குகளை நடத்துபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஐந்து செயலாளர்களுக்கு ஒரே மடலை எழுதுவதற்குக் காரணம், அந்த மனு உங்கள் ஐந்து துறைகளுக்கும் நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சம் அளவில் இருந்தன. நாடு முழுவதும் அந்த எண்ணிக்கை 37 லட்சத்தைத் தாண்டியது. இவை ஊசி போட வந்தவர்களின் கணக்கு மட்டுமே. நாய் துரத்தி இருசக்கர வண்டியோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் உடம்பில் பல் படவில்லை. அவருடைய ஓ.பி. சீட்டில் "வண்டியிலிருந்து விழுந்ததாகக் கூறுகிறார்" என்று இருக்கும். நாய் என்ற சொல்லே அந்தச் சீட்டில் இருக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

வளர்ப்பு நாய் கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேராதபடி போதிய முன்னெச்சரிக்கை எடுக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் இப்படி மாறியிருக்கிறது. இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், ஜாமீனில் விடக்கூடியது. அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் 125ஆம் பிரிவும், உயிர் போனால் 106ஆம் பிரிவும் சேரும். இந்த அபராதத்தில் கடிபட்டவருக்கு ஒரு ரூபாய்கூடத் தானாக வந்து சேராது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவின்படி இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு வழக்கு தண்டனை வரை போக வேண்டும். பெரும்பாலான வழக்குகள், முதல் தகவல் அறிக்கை பதியாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடுகின்றன. "பக்கத்து வீட்டுக்காரர்தானே, பேசி முடித்துக்கொள்ளுங்கள், ஊசிச் செலவைக் கொடுத்துவிடுவார்" என்று நிலையத்திலேயே கட்டப்பஞ்சாயத்து நடந்துவிடுகிறது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம் என்பதால், அந்தப் பேச்சு முடியும்போது கடிபட்டவர் கையில் எதுவும் இருப்பதில்லை.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் வேறொரு முட்டுக்கட்டை. நாய், பூனை போன்ற வீட்டு விலங்குகள் இயல்பில் சாதுவானவை. ஆகவே இந்த நாய் கடிக்கும் குணமுள்ளது என்பது வளர்ப்பவருக்கு முன்பே தெரியும் என்று கடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது ஆங்கிலேயரின் பொதுச் சட்டத்திலிருந்து நமக்கு வந்த பழைய அளவுகோல். இல்லையென்றால் அவருடைய அலட்சியத்தையாவது நிரூபிக்க வேண்டும். ஆக, ஒரு நாயின் முதல் கடிக்கு மன்னிப்பு, அடுத்த கடிக்குத்தான் வழக்கு என்பதுபோல ஆகிவிடுகிறது. இங்கிலாந்துகூட 1971இல் விலங்குகள் சட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்து இந்த விதிகளைத் திருத்தி எழுதிக்கொண்டது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. வழக்கிடத்தக்க தீங்குகள், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 8ஆம் இனமாகவே இருக்கின்றன.

தெருநாய் என்று வந்துவிட்டால் 291ஆம் பிரிவே கைவிட்டுவிடுகிறது. "தன் வசம் உள்ள விலங்கு" என்ற சொற்றொடர் அங்கே தடுக்கிறது. தெருநாய் யார் வசம்? இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிஸ்கட் போடுபவரையெல்லாம் உரிமையாளராக்கி வழக்குப் போடச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. இரக்கப்பட்டுச் சோறு வைப்பது மட்டுமே நாயை ஒருவர் வசமாக்கிவிடாது. இரவில் உள்ளே விட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டு, கடித்த மறுநாள் "அது தெருநாய் சார்" என்று கைவிரிப்பவர் விஷயம் வேறு. அவர் வசம்தான் அந்த நாய் இருக்கிறது. நிலைய அதிகாரி அதை விசாரித்து எழுத வேண்டும்.

உண்மையிலேயே யார் வசமும் இல்லாத நாய்க்கு, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் தோளில் வைத்திருக்கின்றன. வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உரிமையாளர் பொறுப்பு. தெருநாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உள்ளாட்சி பொறுப்பு. கிராம ஊராட்சியும் இதில் அடக்கம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவு, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னபோது, வெறிநோய் (ரேபிஸ்) கண்ட அல்லது அந்தச் சந்தேகத்துக்குரிய நாயையும் ஆக்ரோஷமான நாயையும் விலக்கி வைத்தது. நவம்பர் 7ஆம் தேதி உத்தரவு இன்னும் தெளிவானது. கல்வி நிலையம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக்கூடாது. சுற்றுச்சுவரோ வேலியோ போட்டு, அதற்குப் பொறுப்பாக ஒரு தொடர்பு அலுவலரை நியமிக்க வேண்டும். ஆகவே பேருந்து நிலையத்தில் ஒருவரை நாய் கடித்தால், பொறுப்பான அலுவலர் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த அலுவலரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய பலகை எத்தனை பேருந்து நிலையங்களில் தொங்குகிறது என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

பொறுப்பு சட்டத்தில் இருக்கிறது. அது காணாமல் போவது முதல் காகிதத்தில். ஓ.பி. சீட்டைத்தான் சொல்கிறோம். இந்த மடலில் நாங்கள் அதிகம் பேச விரும்புவதும் அதைப் பற்றியே.

கடிபட்டு வந்தவரின் சீட்டில் பெரும்பாலும் மூன்றே விஷயங்கள் இருக்கும்: நாய்க்கடி, எந்தக் கால் அல்லது கை, போடவேண்டிய ஊசி. மருத்துவரைக் குறை சொல்லவில்லை. வரிசையில் இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள், உயிரைக் காப்பதே அவருடைய முதல் வேலை. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது, தோல் கிழிந்த மூன்றாம் வகைக் காயமென்றால் கடிவாயைச் சுற்றியும் உள்ளேயும் ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்துவது, முடிந்தவரை தையல் போடாமல் விடுவது எல்லாம் சரியாகவே நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீட்டைக் கொண்டு இழப்பீடு கேட்க முடியுமா? முடியாது. எங்கே கடித்தது, எத்தனை மணிக்கு, யாருடைய நாய், கழுத்தில் பட்டை இருந்ததா, காதில் கருத்தடை அடையாள வெட்டு இருந்ததா, எத்தனை பல் பதிந்தது, சதை பிய்ந்ததா, எத்தனை சென்டிமீட்டர் என்று எதுவுமே அதில் இல்லை.

பல்லை எண்ணுவதற்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பில் அந்தத் தொடர்பு இருக்கிறது. தெரு விலங்குகளால் நேர்ந்த காயங்கள் தொடர்பான 193 மனுக்களைச் சேர்த்து விசாரித்த அந்த நீதிமன்றம், நாய்க்கடிக்குக் குறைந்தபட்ச இழப்பீடாகப் பதிந்த ஒவ்வொரு பல்லுக்கும் 10,000 ரூபாய் என்றும், தோலிலிருந்து சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கும் 20,000 ரூபாய் என்றும் வரையறுத்தது. மாவட்ட அளவில் துணை ஆணையர் (நம் ஊர் மாவட்ட ஆட்சியருக்கு இணையானவர்) தலைமையில் குழு, விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் முடிவு. கொடுக்கும் முதல் பொறுப்பு மாநில அரசுக்கு; பிறகு தவறிய அமைப்பிடமிருந்தோ தனிநபரிடமிருந்தோ அரசு வசூலித்துக்கொள்ளலாம். இந்த அளவுகோலில் நான்கு பல் பதிந்த ஒரு கெண்டைக்காலுக்குக் குறைந்தது 40,000 ரூபாய். ஒரு சென்டிமீட்டர் சதை பிய்ந்த கன்னத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம். நம் ஊர்ச் சீட்டில் இருக்கும் "நாய்க்கடி, இடது கால்" என்ற மூன்று சொற்களை இந்தக் கணக்கில் எங்கே பொருத்துவது? காயம் ஆறிய பிறகு அளக்க ஒன்றும் மிச்சமிருக்காது. வழக்கறிஞரிடம் வரும்போது மூன்று மாதம் ஆகியிருக்கும். கடிவாய் இருந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு மட்டும் இருக்கும்.

கேரளத்துக்கு உச்ச நீதிமன்றம் 2016லேயே நீதிபதி சிறி ஜெகன் குழுவை அமைத்தது. அங்கே கடிபட்டவர் இழப்பீடு கேட்டுப் போக ஓர் இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் அதே காயத்துக்கு அரசமைப்பின் 226ஆம் கூறின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட வேண்டியிருக்கிறது. தூய்மைப் பணியாளரும் செய்தித்தாள் போடும் பையனும் நான்கு பல் தடத்துக்காக உயர் நீதிமன்றப் படியேறுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். இதையாவது ஊசி போடும் அறையின் சுவரில் எழுதி வைத்திருக்கலாம். வேலை நேரத்தில் கடிபட்டவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ், வேலை செய்ய முடியாத நிலை மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், முதலாளியிடமே இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஆதாரம் அழிகிற இன்னொரு இடம், நாயைப் பிடித்துப் போகும் வண்டி. ஒருவரைக் கடித்துவிட்டது என்று புகார் போனதும் நகராட்சி வண்டி வந்து அந்தத் தெருவில் கையில் கிடைத்த நாய்களைப் பிடித்துப் போகிறது. நல்ல எண்ணத்தில்தான். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். வண்டி எங்கே கொண்டுபோனது, எந்தக் கூண்டில் வைத்தது, நாய் செத்ததா பிழைத்ததா என்று கடிபட்டவருக்கு யாரும் சொல்வதில்லை. கண்காணிப்பு முடியட்டும் என்று யாரும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மில்லி, அது தன் வழியில் நடக்க வேண்டும். ஆனால் 28 நாளும் சாகப் போகிறோமா என்ற பயத்தோடு ஒருவர் படுக்கையில் கிடப்பதை, பத்தாம் நாள் வருகிற ஒரு குறுஞ்செய்தி தடுத்திருக்கும். அதோடு, கடித்த நாய் எது, அதற்குத் தடுப்பூசி போட்டிருந்ததா என்ற ஆதாரமும் அந்த வண்டியோடு போய்விடுகிறது. சில இடங்களில் அந்த நாயை அடுத்த வார்டில் இறக்கிவிட்டுப் போவதும் நடக்கிறது. அது கருத்தடை விதிகளுக்கே எதிரானது. அடுத்த வார்டுக்காரர்கள் செய்த பாவம் என்ன?

உள்ளாட்சியின் அலட்சியத்தை நிரூபிப்பது இன்னும் கடினம். கடித்த தெருவில் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், நகரம் முழுவதற்குமான மொத்த எண்ணிக்கை வரும். தெருவாரியாகக் கணக்கில்லை என்பார்கள். வெறிநோய் ஒரு பகுதியில் பரவாமலிருக்க அங்குள்ள நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மொத்தம் எத்தனை நாய் என்ற கணக்கே வார்டுவாரியாக இல்லாதபோது, எழுபது சதவீதம் எட்டப்பட்டதா இல்லையா என்று யார் சொல்வது? நகர எல்லையில் இருக்கும் தெருவென்றால் கேட்கவே வேண்டாம். மாநகராட்சி ஊராட்சியைக் காட்டும், ஊராட்சி மாநகராட்சியைக் காட்டும்.

நியாயமாகக் கேட்க வழியில்லாத இடத்தில் சிலர் சோற்றில் விஷம் வைக்கிறார்கள். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதை நாங்கள் ஒருபோதும் ஆதரிக்க மாட்டோம். நாய்க்கும் அது கொடுமை. ஆனால் அந்த ஆத்திரம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

மக்கள் நல்வாழ்வுத் துறை, ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை ஒரே ஒரு பக்க நாய்க்கடிப் படிவத்தை முப்பது நாளுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். கடித்த நாள், மணி, இடம். இடத்துக்கு அருகிலுள்ள மின்கம்ப எண். எல்லைத் தகராறுக்கு அந்த எண் ஒன்றே போதும். நாய் வளர்ப்பு நாயா, தெருநாயா, கழுத்துப்பட்டை, காது வெட்டு. காய வகை, பல் தடங்களின் எண்ணிக்கை, நீளமும் ஆழமும் சென்டிமீட்டரில். கட்டுப் போடுவதற்கு முன் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த புகைப்படம். நோயாளியின் எடை, செலுத்திய இம்யூனோகுளோபுலின் யூனிட், மருந்தின் தொகுதி எண். குதிரையிலிருந்து எடுத்த மருந்தென்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்ததென்றால் 20 என்பதால் எடை எழுதாத சீட்டில் அளவு சரியா என்றே பார்க்க முடியாது. நாய் துரத்தி விழுந்தவருக்கும் இதே படிவம்தான். ஒரு நகலைக் கடிபட்டவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எழுதும் வேலையைச் செவிலியருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ கொடுங்கள்; ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

உள்துறை, வளர்ப்பு நாய் கடித்துக் கொடுங்காயம் ஏற்பட்ட புகாரில் 291, 125ஆம் பிரிவுகளின்கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்தக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால், புகார் வந்த அன்றே அவற்றைக் கைப்பற்றச் சொல்ல வேண்டும்.

நகராட்சி நிர்வாகத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் சேர்ந்து, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இழப்பீட்டுக் குழுவை அரசாணை மூலம் அமைக்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் ஒரு அறுவை மருத்துவரும் அதில் இருக்க வேண்டும். பஞ்சாப், ஹரியானா தீர்ப்பின் அளவுகோலைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு அறுபது நாளில் முடிவு சொல்லட்டும். முதலில் அரசு கொடுக்கட்டும். வளர்ப்பவரிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ அரசே வசூலிக்கட்டும். இழந்த கூலி, தழும்புச் சிகிச்சை, துணைக்கு வந்தவரின் கூலி, எலும்பு முறிவு எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

அதே இரு துறைகளும் தெருவாரியாக, எந்தத் தேதியில் எத்தனை நாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி என்ற பதிவேட்டை ஒவ்வொரு மாதமும் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். பதிவு இல்லாத தெருவில் கடி நேர்ந்தால், அங்கே பணி நடக்கவில்லை என்றே குழு எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்த நாயின் கூண்டு எண்ணும் பத்தாம் நாள் நிலையும் கடிபட்டவரின் கைபேசிக்குப் போக வேண்டும்.

சட்டத்துறை, வளர்ப்பு நாய் பொது இடத்தில் கடித்தால் அதன் குணம் முன்பே தெரியுமா என்ற கேள்வியின்றி வளர்ப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லும் சட்ட முன்வடிவை அடுத்த கூட்டத்தொடருக்குள் கொண்டுவர வேண்டும். கடிபட்டவர் சுவரேறிக் குதித்தோ நாயை அடித்துச் சீண்டியோ இருந்தால் மட்டும் விலக்குத் தரலாம். பெரிய உடல்வாகுள்ள நாய்களுக்கு உரிமம் தரும்போது மூன்றாம் நபர் காப்பீட்டை நிபந்தனையாக்குங்கள். அப்போதுதான் தீர்ப்புக் கிடைத்தவருக்குப் பணமும் கிடைக்கும்.

ஐந்து துறைகளிடமிருந்தும் எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று தனித்தனியாக எழுத்தில் பதில் வேண்டும். நாய்க்கடிப் படிவத்தின் மாதிரியைத் தமிழில் தயாரித்து இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். அச்சுக்கு அப்படியே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
நாய்க்கடி மனுக்களை எழுதுவோரும் வழக்கு நடத்துவோரும்